அப்பா என்னை எழுதிக்கொண்ட வருஷம்

"உன் நம்பர் உனக்கு மனப்பாடமா தெரியுமா, கண்ணு?" என்று அப்பா கேட்டார்.

நவம்பர் மாதம். மலிவுச் சாமான் விற்கும் டாலர் கடைக்கு வெளியே அவருடைய டிரக்கில் உட்கார்ந்திருந்தோம். எட்டு மாதம் கழித்து அன்றுதான் அவரைப் பார்க்கிறேன். வழியில் ஈரல் மசியல் வைத்த பிஸ்கட் ரொட்டி இரண்டு வாங்கி வந்திருந்தார். நான் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன்.

"ஏன் ஒரு பக்கமாவே மெல்லுற?"

நான் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். கடைவாய்ப் பல். கோடையிலிருந்தே வலி. யாரிடமும் சொல்லவில்லை. அவர்தான் முதலில் கவனித்தார்.

"அதுக்குத்தான் கேக்குறேன். புது வேலையில இன்சூரன்ஸ் தர்றாங்க. பல்லுக்கும் சேத்து. உன் பேரையும் அதுல போட்டுடறேன். நம்பர் மட்டும் வேணும்."

பிறந்ததும் அரசாங்கம் கொடுக்கிற ஒன்பது இலக்க நம்பர் அது. சொன்னேன். அப்பா பிஸ்கட் பையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் ரம்பம் இரண்டு விரலைக் கொண்டுபோன பிறகு அவர் பேனாவைப் பிடிப்பது ஒரு மாதிரியாக இருக்கும். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார்.

"உங்கம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். 'அவன் காசுல என் பொண்ணுக்குப் பல்லா'ன்னு வீம்பு பிடிப்பா. பல்லைச் சரிபண்ணின அப்புறம் சொல்லிக்கலாம். சரியா?"

தலையாட்டினேன். பேசுவதைவிட எனக்குத் தலையாட்டுவது சுலபம்.

"நீ என் பொண்ணுடீ" என்றார் அப்பா. அந்தக் குளிர்காலம் முழுக்க அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்திய எங்கள் டிரெய்லர் வீடு அம்மாவுக்குச் சொந்தம். ஏழு வருஷம் தவணை கட்டி முடித்தாள். வீடுதான் சொந்தம், அது நிற்கிற மனை சொந்தமில்லை. மனைக்கு மாதா மாதம் வாடகை. முன்பு இந்த இடம் முழுக்க ஒரு கிழவருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் செத்ததும் பிள்ளைகள் வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி வந்ததும் வாடகை ஏறியது. தண்ணீருக்குத் தனி, குப்பைக்குத் தனி, வீட்டில் கூடுதலாக ஒரு ஆள் இருந்தால் அந்த ஆளுக்கும் மாதம் நாற்பது டாலர் தனி. முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் அம்மாவுக்கு வேலை. டிசம்பர் முடிவதற்குள் நாங்கள் நான்கு மாத வாடகை பாக்கி.

அதற்காக அம்மா பெரிதாகப் பயப்படவில்லை. இங்கே யாரும் டிசம்பரில் பயப்படுவதில்லை. எல்லாருக்கும் பிப்ரவரி வரும். பிள்ளை வைத்திருக்கும் ஏழைகளுக்கு அரசாங்கம் வரிப் பணத்தைத் திருப்பித் தரும். கட்டிய வரியைவிடப் பல மடங்கு. வருஷத்தில் ஒரே ஒரு தடவை கையில் கனமாகக் காசு வருவது அப்போதுதான். வண்டிக்கு டயர், கரண்ட் பாக்கி, கல்லறைக் கல், எல்லாம் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்படும். எங்கள் டிரெய்லர் பார்க்கின் மேனேஜர் ரஸ்டிகூட, "வரி எழுதிக் கொடுத்த ரசீதைக் காட்டு, காசு வர்ற வரைக்கும் நான் பொறுத்துக்கறேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

வரிப் படிவத்தில் ஒரு பிள்ளையை ஒருவர்தான் எழுதலாம் என்பதால், எந்தப் பிள்ளையை யார் எழுதிக்கொள்வது என்பதுதான் ஜனவரி முழுக்கப் பேச்சு. பக்கத்து டிரெய்லர் மேவிஸுக்கு நான்கு பிள்ளைகள். மூன்றுக்கு மேல் எழுதினால் காசு பெரிதாகக் கூடிவிடாது என்பதால் நான்காவதைத் தன் தங்கை பேரில் எழுத விட்டுவிடுவாள். வரும் காசில் ஆளுக்குப் பாதி.

"எந்தப் பிள்ளையை இந்தத் தடவை தங்கச்சிக்குக் குடுக்குற?" என்று அம்மா கேட்டாள்.

"எது அதிகமா திங்குதோ அதை" என்றாள் மேவிஸ். "நிஜமாவே கூட்டிட்டுப் போயிட்டா இன்னும் நல்லது."

அம்மாவுக்கு நான் ஒருத்திதான். எனக்கு அப்போதுதான் பதினேழு பிறந்திருந்தது. பதினாறு ஆனதுமே பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே திக்குவேன், பின்னால் சிரிப்பார்கள். ஒருநாள் பேருந்து வந்து நின்றது. நான் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த அம்மா, பள்ளியிலிருந்து வந்த தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு என்னைத் திட்டக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

முதியோர் இல்லத்தில் சம்பளச் சீட்டை ஜனவரியின் கடைசி நாளில்தான் கொடுத்தார்கள். மறுநாள் காலையே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வரிக்கடைக்குப் போனாள். அடகுக்கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் நடுவில், வரிப் படிவம் எழுதித் தர வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் திறந்திருக்கும் கடை அது. வெளியே விளம்பரத்துக்காக டாலர் நோட்டு மாதிரி வேஷம் போட்ட ஒருவன் குளிரில் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்து, "ஏய் ராசா, அப்படியே என் பைக்குள்ள வந்து குதியேன்" என்றாள். நல்ல குஷியில் இருந்தாள்.

உள்ளே வாண்டா கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தட்டினாள். அம்மாவை ஆறு வருஷமாகத் தெரிந்தவள். திரையைத் திருப்பிக் காட்டினாள். ஐந்தாயிரத்து அறுநூறு. பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டுக் கூரைக்குத் தார் வாங்கலாம். அம்மா என் தொடையில் தட்டினாள்.

"இந்த வருஷம் நீதான்டி என் மொத்தச் சொத்து."

வாண்டா பொத்தானை அழுத்தினாள். நாங்கள் அவள் வைத்திருந்த மிட்டாயைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். சிறிது நேரத்தில் அவள் முகம் மாறியது.

"லோரீன், வரி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

"நம்பர் தப்பா அடிச்சிருப்ப. கண்ணாடியைத் துடைச்சிட்டு அடி."

"நம்பர் சரிதான். இவளை ஏற்கெனவே யாரோ எழுதிக்கிட்டாங்க."

"யாரு?"

"அதை அவங்க சொல்ல மாட்டாங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. "டொயல்" என்றாள் அம்மா. அப்பாவின் பெயர். அதை அவள் சொல்லும்போது வேறு ஏதோ கெட்ட வார்த்தை போலத்தான் இருக்கும். "ரெண்டு வருஷமா ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுத்ததில்ல. அவன் எழுதிக்கிட்டானா இவளை?"

எனக்குக் காதுக்குள் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. பிஸ்கட் பையின் பின்புறம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"முதல்ல எழுதினவங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் குடுக்கும்" என்றாள் வாண்டா. "நீ காகிதத்துல எழுதித் தபால்ல அனுப்பலாம். ரெண்டு பேருக்கும் கடிதம் போடுவாங்க. பிள்ளை யார் வீட்டுல இருந்துச்சுன்னு நீ நிரூபிக்கணும்."

"பெத்தவ நான். என் வீட்டுலதான் தூங்குறா."

"அதைக் காகிதம் சொல்லணும், லோரீன். பள்ளிக்கூடத்துல ஒரு கடிதம் வாங்கினா போதும். அதான் எல்லாரும் குடுப்பாங்க."

"இவ போன வருஷம் ஜனவரியிலேயே நின்னுட்டா."

"டாக்டர்கிட்ட போனதுக்கு ஏதாவது?"

"போகல."

"சரி, வாடகை பேப்பர் இருக்குமே. அதுல இவ பேர் இருந்தா மேனேஜர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

அம்மா எழுந்தாள். கைப்பையை மூடினாள். வேஷக்காரன் கையசைத்தபோது அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வாடகை பேப்பரில் என் பேர் இல்லை என்று எனக்கும் தெரியும். கம்பெனி வந்த புதிதில் எல்லாரும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கூடுதல் ஆளுக்கு நாற்பது டாலர் என்றதும் அம்மா, "என் பொண்ணு அவங்கப்பா வீட்டுல இருக்கா. லீவுக்கு மட்டும்தான் இங்க வருவா" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மேவிஸும் அப்படித்தான், இரண்டு பிள்ளைகளைக் குறைத்துக் காட்டியிருந்தாள். கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வரும் நாளில் நாங்கள் மூன்று பேரும் காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்போம். அதெல்லாம் எங்களுக்கு ஒரு விளையாட்டு.

அன்று மத்தியானமே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ரஸ்டியிடம் போனாள். ரஸ்டி ஒன்றும் கெட்டவன் இல்லை. அவனும் மூன்றாவது வரிசையில் டிரெய்லரில்தான் இருக்கிறான். ஒப்பந்தத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இந்தா, உன் கையெழுத்து. ஒரே ஆளுன்னு போட்டிருக்க."

"அவ இங்கதான் இருக்கான்னு உனக்குத் தெரியாதா, ரஸ்டி? தினமும் உன் நாய்க்கு ரொட்டி போடுறவளே இவதான்."

"எனக்குத் தெரியும். என் நாய்க்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது. தெரியணும்னா நான் எழுதித் தர்றேன். பதினாலு மாசத்துக்கு நாற்பது நாற்பதா பின்னாடியிருந்து சேர்ப்பாங்க. பொய் சொன்னதுக்கு ஒப்பந்தத்தையே கிழிச்சுடுவாங்க. எழுதட்டுமா?"

அம்மா மேஜையில் கிடந்த அவன் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன்" என்றான் ரஸ்டி. "அதுக்கு மேல என் கையில இல்ல."

சனிக்கிழமைகளில் மேவிஸ் என்னை ஏரிக்கரை வீடுகளைத் துடைக்கக் கூட்டிப்போவாள். கையில் காசு கொடுப்பார்கள். நகரத்துக்காரர்களின் வீடுகள், கோடையில் மட்டும் வருவார்கள். அந்தச் சனிக்கிழமை ஒரு வீட்டம்மா வந்திருந்தாள். போனில் யாரிடமோ வரி பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய படகு கடனில் வாங்கியதாம். படகுக்குள் படுக்கையும் அடுப்பும் கழிவறையும் இருந்தால் அதுவும் ஒரு வீடு என்று எழுதிக்கொள்ளலாமாம். அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாமாம்.

வெளியே வந்ததும் மேவிஸ் வாளியைக் கீழே வைத்தாள். "அந்தப் படகு அவங்ககூடத்தான் இருக்குதுன்னு பள்ளிக்கூடத்துல கடிதம் வாங்கி வரச் சொல்லுவாங்களாடி?"

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "உங்கப்பனைப் போய்க் கேளு, டெஸ்ஸா. உன் வாயால கேட்டா ஒருவேளை மனசு இளகும்" என்றாள்.

நான் போனேன். நான்கு மைல். நடக்கும்போது வாக்கியத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். 'அப்பா, என்னைத் திருப்பிக் குடுத்துடுங்க.' கதவைத் திறந்தவர் அப்பாவே. உள்ளே, அப்பாவோடு இப்போது குடித்தனம் நடத்தும் பிராண்டி சோபாவில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பாவின் முகம் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டுக் காலுறையோடு வெளியே வந்தார்.

"உங்கம்மா அனுப்பினாளா?"

தலையை ஆட்டி மறுத்தேன். தயார்செய்த வாக்கியம் வரவில்லை. "இன்சூரன்ஸ்..." என்றுதான் வந்தது.

"மூணு மாசம் முடிஞ்சாத்தான் தருவாங்களாம். அதுக்குள்ள டிரக்குல கியர்பாக்ஸ் போயிடுச்சு, கண்ணு. வண்டி இல்லாம நாப்பது மைல் எப்படிப் போவேன்? ரெண்டு நாள் லேட்டாப் போனா வேலை போச்சு. அப்பத்தான் பிராண்டியோட அண்ணன் சொன்னான், இன்னொரு பிள்ளையைச் சேத்தா எவ்வளவு கூடும்னு. உன் நம்பர் டிரக்குலயே கிடந்துச்சு."

"அம்மா வீடு போயிடும்" என்றேன். அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை.

"வரிக்கடையிலேயே முன்பணம் குடுத்தாங்க. அது மெக்கானிக்குக்குப் போச்சு. மிச்சம் மாசக் கடைசியில வரும், அதுவும் பிராண்டியோட ஆஸ்பத்திரி பில்லுக்குப் போயிடும். இப்ப நான் மாத்தி எழுதினா அவ்வளவையும் திருப்பிக் கட்டணும். எங்க போவேன், சொல்லு?"

அவர் குரல் உடைந்தது. நடிக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது முடிந்திருக்கும். பர்ஸைத் திறந்து இரண்டு இருபது டாலர் நோட்டுகளை எடுத்து என் கோட்டுப் பையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டுகளைச் சமையல் மேடையில் வைத்தேன். அம்மா அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது? ஏரிக்கரையில இவ்வளவு குடுத்தாங்களா?"

"அப்பா."

"அவனைப் போய்ப் பார்த்தியா?" கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நாற்பது டாலர். ஐயாயிரத்துக்கு நாற்பது. நல்ல தரகன்." பிறகு, "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். உன் நம்பர் அவனுக்கு எப்படி? நீ பொறந்தப்போ பார்த்திருப்பான். அதை இத்தனை வருஷம் ஞாபகம் வச்சுக்க அவனுக்கு ஏது மூளை? என் பொறந்தநாளே அவனுக்கு..."

நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"எப்ப?"

"நவம்பர்ல."

"நவம்பர்ல" என்றாள் அம்மா மெதுவாக. "நவம்பர்ல ஒருத்தன் பிள்ளையோட நம்பரைக் கேட்டா எதுக்குன்னு இந்த ஊர்ல நாய்க்கும் தெரியும்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் வீட்டு வாசல்லயே போய் உட்கார்ந்திருப்பேனே. ஏன் சொல்லல?"

வாயைத் திறந்து காட்டினேன். அம்மாவுக்குப் புரியவில்லை. விரலால் கடைவாய்ப் பக்கம் காட்டினேன். அவள் போன் விளக்கைப் போட்டு, என் தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது.

"எத்தனை நாளா?"

"கோடையிலேருந்து."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகைச் சமையல் மேடையில் சாய்த்துக்கொண்டு. அடித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"எங்கிட்ட சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன செஞ்சிருப்பேன்" என்றாள். "கிராம்புத் தைலம் வாங்கித் தடவியிருப்பேன்."

அவரைக்கொட்டை அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவே இல்லை. பேச்சுத்தான் குறைந்துகொண்டே வந்தது. வாண்டாவிடம் போய்க் காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டாள். இலையுதிர் காலம் வரை ஆகலாம், வராமலும் போகலாம் என்றாள் வாண்டா. வாடகை கட்டாததால் மாசக் கடைசிக்குள் மனையைக் காலி செய்ய வேண்டும்; வீட்டை வேறு இடத்துக்கு இழுத்துப்போக முடியுமா என்று அம்மா ஒரு ஆளை அழைத்து வந்து காட்டினாள். அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அச்சு துருப்பிடிச்சுப் போச்சுங்க. ரோட்டுல ஏத்தினா ரெண்டா உடையும். அப்படியே வந்தாலும் இவ்வளவு பழைய வீட்டை எந்த பார்க்குலயும் உள்ள விட மாட்டாங்க."

ஏழு வருஷத் தவணை. கம்பெனி இதற்குப் பெயின்ட் அடித்து வேறு யாருக்காவது வாடகைக்கு விடும். மேவிஸ் எங்கள் திரைச்சீலைகளைக் கழற்றித் தந்தாள். "இதையாவது அவனுங்களுக்கு விட்டுட்டுப் போகாதே" என்றாள். அவள் டிரெய்லரில் என்னை வைத்துக்கொள்ள இடமில்லை. ஏற்கெனவே இரண்டு பேரை ஒளித்து வைத்திருப்பவள்.

அம்மாவோடு வேலை பார்க்கும் ஒருத்தி தன் வீட்டு சோபாவைத் தந்தாள். பக்கத்து மாவட்டத்தில். ஒரு ஆளுக்கு மட்டும்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அவளை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடட்டும்?" என்றுதான் கேட்டாள். அந்தப் பக்கம் அப்பா என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் துணிகள் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் இருந்தன. வழியெல்லாம் சர்ச்சுக்குப் போகிறவர்களின் கார்கள். அம்மா ரேடியோ போடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'அம்மா, மன்னிச்சிடு' என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சுதான் படிந்தது.

அப்பா வீட்டு வாசலில் அந்த டிரக் நின்றிருந்தது. புது கியர்பாக்ஸ். அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு பைகளையும் படிக்கட்டில் வைத்தாள். கதவு திறந்தது.

"லோரீன், உள்ள வா. காபி போட்டிருக்கு" என்றார் அப்பா. "இவ கூடத்துல படுத்துக்கட்டும்னு பிராண்டியே சொல்லிட்டா. ஒண்ணும் குறை இருக்காது. நீ எப்ப வேணும்னாலும்..."

அம்மா அவர் பக்கம் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். என் கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். தொப்பியின் இரண்டு நாடாக்களையும் சமமாக இழுத்து, சின்னப் பிள்ளைக்குக் கட்டுவது போல முடிச்சுப் போட்டாள். முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டாள். அவள் விரல்களில் முதியோர் இல்லத்துச் சோப்பு வாசனை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. திட்டாக இருந்தாலும் சரி.

அவள் காரில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். காரைப் பின்னால் எடுப்பதற்காகக் கழுத்தைத் திருப்பியவள் அந்தப் பக்கமாகவே திரும்பியிருந்தாள், வண்டி ரோட்டுக்குப் போய்ச் சேரும் வரை.